யாரிடம் போய்ச் சொல்வது?

பழையசீவரத்தில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் என்பதால் அந்தப் பெயர். வருஷத்தில் பல மாதம் அங்கே கூடிக்கிடப்பது மணல்தான். கல்குவாரி லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிற அந்த ஊரின் ஆற்றங்கரையில், தொல்லியல் துறையின் பராமரிப்பில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று. ஏறக்குறைய 1068-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கே. வி. சுப்பிரமணிய அய்யர் அதைப் படித்து 'எபிகிராபியா இண்டிகா'வின் 21-ஆம் தொகுதியில் வெளியிட்டார். அதன் பிறகு சோழர் கால மருத்துவத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் யாரும் அதைத் தொடாமல் போவதில்லை.

கல்வெட்டு சொல்வது இது: கோயிலின் ஜனநாதன் மண்டபத்தில் ஒரு பாடசாலை, மாணவருக்கு விடுதி, அதோடு சேர்த்து 'வீரசோழன்' என்ற பெயரில் 15 கட்டில்கள் கொண்ட ஆதுலசாலை. ஆதுலர் என்றால் நோயாளி. அங்கே நாடி பார்த்து மருந்து கொடுக்கும் மருத்துவர் ஒருவர். சல்லியக்கிரியை, அதாவது அறுவை செய்பவர் ஒருவர். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இருவர். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இன்னாருக்கு வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்பதுவரை வெட்டிவைத்திருக்கிறார்கள். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் இருபதின் பட்டியலும் உண்டு. அதில் ஒன்று புராண கிருதம், பல வருஷம் வைத்திருந்த பழைய நெய். உன்மாதம் எனும் சித்தபிரமைக்கும் வலிப்புக்கும் ஆயுர்வேத நூல்கள் சொல்லும் மருந்துகளில் அதுவும் சேரும். திருமுக்கூடலில் எதற்குக் கொடுத்தார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. என்றாலும் பிள்ளைகள் படிக்கும் இடத்தை ஒட்டிய மருந்தறையில் அந்த நெய் இருந்தது என்பதே எனக்குப் போதுமான செய்தி.

இதைப் பொற்காலப் பெருமையாக யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அங்கே படித்தவர்கள் வேதமும் வியாகரணமும் கற்ற மாணவர்கள். ஆற்றங்கரையில் ஏர் ஓட்டியவனின் பிள்ளைக்கு அந்தக் கட்டில்களில் இடம் இருந்திருக்காது. நான் எடுத்துக்கொள்வது இரண்டே சங்கதி. மருத்துவசாலை பாடசாலைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே யார் யார், யாருக்கு என்ன வேலை என்பது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும்படி சுவரில் இருந்தது.

இன்றைக்கு அதே ஊரிலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகிற ஒரு பிள்ளை, "மனசு ஒரு மாதிரியா இருக்கு, யாருகிட்ட போறது?" என்று கேட்டால், அந்த இரண்டும் இல்லை. இடம் தூரத்தில் இருக்கிறது. யாருக்கு என்ன வேலை என்பது எங்கும் எழுதப்படவில்லை.

முதலில் சொல்லே வழுக்குகிறது. தமிழ்நாட்டில் ஒரு மாணவி "நான் கவுன்சிலிங் போகணும்" என்று வீட்டில் சொன்னால், "எந்த காலேஜ் கிடைக்கும்?" என்றுதான் அம்மா கேட்பார். பொறியியல் சேர்க்கைக்கும் கவுன்சிலிங், ஆசிரியர் இடமாறுதலுக்கும் கவுன்சிலிங். மூன்றாவதாக ஒரு பொருளும் புழங்குகிறது. தலைமையாசிரியர் அறையில் நிற்கவைத்து அரைமணி நேரம் புத்தி சொல்லி அனுப்பிவிட்டு, "பையனுக்கு கவுன்சிலிங் குடுத்திருக்கோம்" என்பார்கள். இந்த மூன்றாவது பொருள்தான் அதிகம் கெடுக்கிறது. ஒருமுறை அப்படி நின்றுவிட்டு வந்த பிள்ளை, அந்தச் சொல் இருக்கும் கதவுப் பக்கம் மறுபடி போக மாட்டான்.

பழைய வாரப்பத்திரிகைகள் எல்லோரையும் 'மனோதத்துவ நிபுணர்' என்ற ஒரே போர்வையால் மூடின. தொலைக்காட்சி வந்த பிறகு, 'புதிரா புனிதமா' நடத்திய டாக்டர் மாத்ருபூதத்தின் சிரிப்பால் அந்த நிபுணருக்கு ஒரு முகம் கிடைத்தது. அவர் மனநல மருத்துவர் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். மனநல மருத்துவரும் உளவியலாளரும் வேறு வேறு என்பது எத்தனை பேருக்குப் பதிந்தது என்பது சந்தேகம். இன்றும் படித்தவர்கள்கூட இரண்டையும் மாற்றிப் போட்டுப் பேசுகிறார்கள்.

ஆக, அந்தச் சுவரில் இன்றைக்கு யாராவது எழுதினால் என்ன எழுதுவார்கள் என்று பார்க்கலாம்.

மனநல மருத்துவர், சைக்யாட்ரிஸ்ட், முதலில் ஒரு டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுகிற உரிமை அவருக்கு உண்டு என்பது எல்லோரும் அறிந்தது. அதைவிட மாணவருக்கு முக்கியமான ஒன்று உண்டு: அவர் உடம்பையும் பார்ப்பார். தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வு, மறதி, எதிலும் பிடிப்பின்மை எல்லாம் வரும். பார்ப்பவர்களுக்கு அது மனச்சோர்வு மாதிரியே இருக்கும். ரத்தசோகை உள்ள பெண்பிள்ளைக்குப் படபடப்பும் களைப்பும் இருந்தால், வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் "படிக்கச் சோம்பேறித்தனம்". ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியவேண்டியது, பத்து முறை உட்கார்ந்து பேசினாலும் தெரியாது. மறுபக்கம், கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் அவர் ஒரு ஆளுக்கு ஒதுக்க முடிந்தது சில நிமிஷங்கள்தான். "டாக்டர் நான் சொல்றத முழுசா கேக்கவே இல்ல" என்று மாணவர்கள் குறைப்படுவது அதனால்தான். கேட்பதற்கென்று இன்னொருவர் இருக்கிறார்.

அவர் மருத்துவ உளவியலாளர். உளவியலில் முதுகலை முடித்து, அதற்கு மேல் மருத்துவமனையில் நோயாளிகளோடு பயிற்சி பெற்றுப் பட்டம் வாங்கியவர். எம்.ஃபில். என்ற பெயரில் இந்தப் படிப்பு நெடுங்காலம் நடந்தது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் அவருக்கு ஒரு எண் இருக்கவேண்டும். மருந்து எழுத மாட்டார், எழுதக் கூடாது. சோதனைகளும் உளவியல் சிகிச்சையும் அவர் துறை. 'சிகிச்சை' என்றால் ஆறுதல் சொல்வது என்று நினைத்துக்கொள்கிறோம். சிந்தனை-நடத்தைச் சிகிச்சை என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தேர்வு என்றாலே கை நடுங்குகிற பையனிடம் "பயப்படாதே" என்று அதில் சொல்வதில்லை. நடுக்கம் வருவதற்குச் சற்று முன்னால் மனதில் ஓடிய வாசகம் என்ன என்று எழுதச் சொல்வார்கள். "இதுல போச்சுன்னா எல்லாம் போச்சு" என்று எழுதுவான். அந்த 'எல்லாம்' என்பதில் என்னென்ன அடக்கம் என்று அடுத்த வாரம் கேட்பார்கள். வீட்டுப்பாடம் உண்டு, கணக்கு உண்டு, அளந்து பார்ப்பது உண்டு. இன்னொன்றும் அவர் செய்வார்: எழுத்துகள் இடம்மாறித் தெரிகிற, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையைச் சோதித்து அறிக்கை தருவார். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டு வாங்க அந்த மாதிரி மதிப்பீடுதான் முதல் படி. "மண்டையில ஒண்ணும் ஏறல" என்று ஒன்பது வருஷம் அடிவாங்கிய பிள்ளைக்கு அந்தத் தாள் என்னவாக இருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

மனநல சமூகப் பணியாளர் என்று ஒருவர் உண்டு. ஊர்ப்பக்கத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அதிகம் உதவக்கூடியவர் இவர்தான், அதிகம் பெயர் தெரியாதவரும் இவர்தான். அப்பா குடித்துவிட்டு வந்து ராத்திரி முழுக்கச் சண்டை, அதனால் தூக்கம் இல்லை, அதனால் மார்க் இல்லை என்றால் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து அதே வீட்டுக்கு அனுப்பி என்ன பயன்? அப்பாவைக் குடிமீட்புச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது, விடுதியில் இடம் கேட்பது, உதவித்தொகைக்கு எழுதுவது, வீட்டுக்குப் போய்ப் பாட்டியோடு பேசுவது எல்லாம் இவர் வேலை. மனநல செவிலியரும் உண்டு. மாத்திரையால் வாய் உலர்கிறது, நாள் முழுக்கத் தூக்கமாக வருகிறது போன்ற சங்கதிகளை அவரிடம்தான் கூச்சமில்லாமல் கேட்க முடியும்.

2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம்) 'மனநல வல்லுநர்' என்று இந்த நால்வரையும் வரையறுக்கிறது. கூடவே ஒரு சுவையான வரியும் அதில் இருக்கிறது: சித்த மருத்துவத்தில் 'சிறப்பு மருத்துவம்' என்ற மேற்படிப்பு முடித்தவரும் மனநல வல்லுநரே. ஆயுர்வேத, யுனானி, ஹோமியோபதித் துறைகளில் இதற்கிணையான மேற்படிப்பு படித்தவர்களும் அப்படியே. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. திருமுக்கூடல் மருந்தறையின் பழைய நெய்க்கு இப்படி ஒரு சட்டப் பேரன்!

அந்த வரையறையில் இல்லாதவர் யார் என்றால், நாம் அதிகம் சந்திக்கிறவர்: உளவியல் ஆலோசகர், கவுன்சிலர். பள்ளியிலும் கல்லூரியிலும் தொலைபேசியிலும் முதலில் எதிர்ப்படுபவர் இவர்தான். நல்ல முதுகலைப் படிப்பும் பல வருஷப் பயிற்சியும் உள்ளவர்கள் இதில் இருக்கிறார்கள். அஞ்சல்வழியில் ஆறு மாதம் படித்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர வழி செய்தது. அந்தப் பதிவேடு முழுமையாகும்வரை, விசாரித்துப் பார்ப்பது போகிறவர் பொறுப்பு.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று டாக்டரிடம் கேட்க நமக்கு வாய் வராது, மரியாதைக் குறைவு என்று படுகிறது. உத்திரமேரூர்க்காரர்களுக்கு அந்தக் கூச்சம் இருக்கவே கூடாது. திருமுக்கூடல் இருக்கும் அதே வட்டத்தின் தலைநகரில், பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளில், ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கப் பெயர் எழுதிக் குடத்தில் போட வேண்டுமானால் என்ன வயது, என்ன படிப்பு, எவ்வளவு நிலம், கணக்குக் காட்டாதவன் எத்தனை சொந்தங்களோடு விலக்கப்படுவான் என்பதுவரை கேட்டவர்கள் அவர்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள வருகிறவனிடம் தகுதி கேட்ட ஊர், மனதைப் பார்த்துக்கொள்ள வருகிறவரிடம் கேட்டால் தப்பா? என்ன படிப்பு, எங்கே பயிற்சி, பதிவு எண் என்ன? இந்த மூன்று கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் நான் உட்கார மாட்டேன். "ஏழே நாளில் குணம்" என்று உத்தரவாதம் கொடுப்பவரிடமும்.

இத்தனை பேரில் யாரிடம் போவது என்று மாணவரே முடிவுசெய்ய வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பதே என் முடிவு. எந்தக் கதவு கிட்டத்தில் இருக்கிறதோ அதைத் தட்டலாம். சரியான அறைக்கு அனுப்புவது, உள்ளே இருப்பவரின் வேலை. அப்படியானால் இவ்வளவு நேரம் வகை பிரித்தது எதற்கு? அனுப்பப்படும் அந்த நொடிக்காக. கல்லூரி ஆலோசகர் நாலு முறை பேசிவிட்டு, "ஒரு சைக்யாட்ரிஸ்ட்டையும் பாத்துட்டு வந்துடலாமே" என்பார். அவருக்கு அது அன்றாட நடைமுறை. மாணவிக்கோ அது தீர்ப்பு: எனக்கு முத்திவிட்டது, அதனால்தான் தள்ளிவிடுகிறார். வீட்டுக்குப் போவாள், அடுத்த முறை எங்கும் போக மாட்டாள். மருந்து காய்ச்சுபவரும் அறுவை செய்பவரும் வேறு வேறு ஆள் என்று தெரிந்தவன், ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பும்போது கலங்குவதில்லை. பல் டாக்டர் எக்ஸ்ரேக்கு அனுப்பினால் யாரும் அழுவதில்லையே.

மாத்திரை விஷயத்திலும் இதே குழப்பம்தான். மனச்சோர்வுக்கான மருந்துகள் தலைவலி மாத்திரைபோல அரைமணியில் வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், பக்க விளைவுகளோ முதல் வாரத்திலேயே தெரியும். இந்தக் கால இடைவெளியைச் சொல்லாமல் அனுப்பினால், பத்தாம் நாள் மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போகும். திடீரென்று நிறுத்துவதும் தவறு. "பழகிடும், காலத்துக்கும் திங்கணும்" என்ற பயம் இந்த வகை மருந்துகளுக்குப் பொருந்தாது. சில தூக்க மாத்திரைகளுக்குப் பொருந்தும். அதனால்தான் அவற்றைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

தூரத்துக்கு வருவோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒன்று. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 7 பேருக்குச் சற்று மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக அது கண்டது. அறுபது பேர் இருக்கிற வகுப்பில் நாலு பேர். பெரியவர்களில், நோய்க்கு ஏற்ப, சிகிச்சை கிடைக்காதவர்கள் 70 முதல் 92 சதவீதம். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பது 2019-இல் சொல்லப்பட்ட கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் நாடு முழுவதும் 13,044 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து அதிகம் தமிழ்நாட்டில். கல்வியில் முன்னணி என்று நாம் மார்தட்டும் பட்டியல்களோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

திருமுக்கூடல் பிள்ளைக்கு மனநல மருத்துவர் என்றால் பழையசீவரம் வந்து, மேற்கே காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, கிழக்கே செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகவேண்டும். இரண்டிலும் சிகிச்சைக்குக் காசில்லை. காசு போவது வேறு வழியில்: கூட வருகிற அம்மாவின் ஒருநாள் கூலி, இரண்டு பேர் பஸ் செலவு, பிள்ளையின் ஒருநாள் வருகைப்பதிவு. மாவட்ட மனநலத் திட்டம் இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் வந்தது. 1996-இல் நாட்டில் அது முதலில் தொடங்கிய நாலு மாவட்டங்களில் ஒன்று நம் திருச்சி. மாவட்டத்துக்கு ஒரு குழு, தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் முகாம் என்பது ஏற்பாடு. எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி என்பது பள்ளி அறிவிப்புப் பலகையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தச் சுண்ணாம்புக்கட்டி வரிக்கு எந்தத் திட்ட ஒதுக்கீடும் தேவையில்லை.

தூரம் பஸ்ஸில் மட்டும் இல்லை. 1794-இல் தொடங்கிய சென்னை மனநலக் காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. நாளடைவில் அந்த ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்லாத தமிழ்ப் பள்ளி மைதானம் கிடையாது. அப்படிச் சொல்லி வளர்ந்த பிள்ளை, தனக்கென்று வரும்போது அந்தப் பெயருக்குப் பயப்படாமல் என்ன செய்யும்? அதனால் முதலில் போவது குறி கேட்க, தாயத்துக் கட்ட, மந்திரிக்க.

இந்த இடத்தில் நகரத்துக் கட்டுரைகள் 'மூடநம்பிக்கை' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுத் தாண்டிவிடும். எனக்கு அது சம்மதமில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அதை மறந்துவிட்டு யாரும் கோயில், தர்கா வைத்தியம் பற்றிப் பேச முடியாது. அதே சமயம், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். கட்டிவைத்தல் இல்லை, அடி இல்லை, சராசரி ஆறு வாரத் தங்கல். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. பரிவான, மிரட்டாத இடம் ஒன்று கிடைப்பதே ஓரளவுக்கு மருந்து என்பதைத்தான் அது காட்டுகிறது. ஏர்வாடியிலும் குணசீலத்திலும் பிற்பாடு வழிபாட்டோடு மருத்துவரையும் சேர்த்த ஏற்பாடுகள் வந்தன. ஆகவே பாட்டி கட்டிவிட்ட கயிறு கையில் இருக்கட்டும். அது கையில் இருப்பதால் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பள்ளிக்குள்ளேயே ஆள் இருந்தால் என்ன? தமிழ்நாடு இதைப் பல விதமாக முயன்றிருக்கிறது. உளவியலாளரோடு பள்ளி பள்ளியாகப் போகும் நடமாடும் ஆலோசனை வண்டிகள் சில ஓடின. மாநிலம் முழுவதற்கும் சில வண்டி என்றால், ஒரு பள்ளிக்கு அது எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்று கணக்குப் போட்டால் புரியும். 2022-இல் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று பெட்டி வைத்தார்கள். நல்ல யோசனை, பெட்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் அதன் உயிர் இருக்கிறது. தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டிய பெட்டியில், நாலு பேர் பார்க்க யார் சீட்டுப் போடுவார்கள்? 2021-இல் நீட் தேர்வு முடிந்ததும், எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை 104 சேவை வழியாக ஆலோசகர்களே தொலைபேசியில் அழைத்துப் பேசும் ஏற்பாடு நடந்தது. உதவி தேடி வரும்வரை காத்திராமல், தானே தேடிப்போனது என்பதால் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஆசிரியரே ஆலோசகராக இருந்தால் செலவு மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். பிகாரின் நாளந்தா மாவட்டத்துப் பள்ளிகளில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2018-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழலும் மாறியது, பிள்ளைகளின் மனச்சோர்வும் குறைந்தது. அதே வேலையை ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியர்களின் மனசு கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மார்க் போடுகிற கையிடம் யாரும் மனதைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். அந்த உள்ளூர் ஆலோசகர்கள் டாக்டர்களும் இல்லை, உளவியல் பட்டதாரிகளாக இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்து, மேலே ஒருவர் கண்காணித்தால், படித்த ஊர்ப்பிள்ளை ஒருவர் இதைச் செய்ய முடியும். மேலே நான் தகுதி கேட்கச் சொன்னதோடு இது முரண்படுவதுபோல் தோன்றலாம். ஆதுலசாலையில் மூலிகை பறித்தவர் அறுவை செய்யவில்லை. தன் எல்லை தெரிந்து, தாண்டும்போது அடுத்தவரைக் கூப்பிடுகிறவர் எந்தப் படியில் இருந்தாலும் தகுதி உள்ளவர்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு மாணவி இறந்த வழக்கில் நாடு முழுமைக்கும் சில கட்டளைகள் இட்டது. நூறு மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்கவேண்டும்; அதற்குக் குறைந்தால் வெளியே உள்ள வல்லுநரோடு முறையான இணைப்பு வேண்டும். கிராமத்துச் சின்னப் பள்ளிகள் இந்த இரண்டாம் வகையில்தான் விழும். 'முறையான இணைப்பு' என்பது கோப்பில் ஒரு கடிதமாக முடிந்துபோகாமல் பார்ப்பது பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கிற ஒரு ஆளின் கையில் இருக்கிறது.

பஸ் ஏற முடியாதவர்க்குத் தொலைபேசி உண்டு. 14416 என்ற எண், மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையாக 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் அவர் மருத்துவரோடு இணைப்பார். லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. அங்கே பேசுபவர்கள் தன்னார்வலர்கள், காது கொடுப்பதே அவர்கள் வேலை. உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்துவிட்டால், எது சரியான கதவு என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. இந்த எண்களில் ஒன்று, இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் மனிதர், இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவும். "போலீஸ் கேஸ் ஆகிடும்" என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவையே எடுத்துச் செல்லவில்லை.

சொன்னது வெளியே போகுமா? மாணவர்கள் என்னிடம் வேறெதையும்விட அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கல்யாணப் பேச்சில் வருமா, வேலைக்குப் போகும்போது தெரியுமா? மனநல விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தருகிறது. ஆனால் எல்லையற்ற ரகசியம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அவர் பொய் சொல்கிறார். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டாருக்குச் சொல்வார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் சிகிச்சை முடிவுகளில் பெற்றோரோ காப்பாளரோ இருப்பார்கள். குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும். நல்ல ஆலோசகர் இதையெல்லாம் முதல் நாளே, பிள்ளை வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார். சொல்லவில்லையென்றால் கேட்கலாம்: "நான் சொல்றத யார்கிட்டல்லாம் சொல்லுவீங்க?"

முதல் நாள் பெரிதாக ஒன்றும் நடக்காது. சோபாவில் படுக்கவைப்பது சினிமாவில். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எப்போதிலிருந்து, வீட்டில் யார் யார், முன்பு நன்றாக இருந்த காலம் எது என்று கேள்விகள். முக்கால் மணி நேரம் ஆகலாம்; அரசு மருத்துவமனையில் அதைவிடக் குறையும். பேச வராதவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்ற ஒருவாரக் குறிப்பு இருந்தாலே மருத்துவருக்குப் பெரிய உதவி. சிலரிடம் மனம் ஒட்டாது. அப்போது வேறொருவரிடம் போவது துரோகம் ஆகாது.

மிச்சம் இருப்பது விடுப்புக் கடிதம். புறநோயாளிப் பிரிவு காலையில்தான், பள்ளியும் காலையில்தான். வயிற்றுவலி என்று எழுதினால் அடுத்த மாதமும் வயிற்றுவலி வரவேண்டும், மூன்றாம் மாதம் வகுப்பாசிரியர் சிரிப்பார். காரணம் விளக்கும் கட்டாயம் எதுவும் இல்லை. "எனக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியுள்ளதால்" என்று நாம் மூன்றாம் வகுப்பிலிருந்து எழுதிப் பழகிய வாக்கியமே போதும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.